கடற்கரை ஊரில் ஒரு கொலை

கொலை நடக்கும், இரத்தம் கண்ணில் படாது. பொலிஸ் வரும், ஆனால் கொலைகாரரைக் கண்டுபிடிப்பது பக்கத்து வீட்டு மூதாட்டியாகவோ ஓய்வுபெற்ற வாத்தியாராகவோ இருக்கும். கதை முடியும்போது ஊர் பழையபடி தேநீர் குடிக்கத் தொடங்கிவிடும். இப்படிப்பட்ட துப்பறியும் கதைகளை ஆங்கிலத்தில் ‘கோஸி’ என்கிறார்கள். தேநீர்க் கேத்தல் ஆறிப்போகாமல் மேலே போர்த்தும் பஞ்சு உறைக்கும் அதே பெயர்தான். கதைக்குள் பிணம் கிடந்தாலும் வாசிக்கிறவர் போர்வைக்குள் பத்திரமாக இருக்கிறார்.

இந்த வகைக்குத் துப்பறிபவரைவிட ஊர்தான் முக்கியம். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருக்க வேண்டும், எந்த வீட்டில் இன்றைக்கு என்ன ஆணம் என்பது வரை. சந்தேகத்துக்கு உரியவர்கள் ஏழெட்டுப் பேரைத் தாண்டக்கூடாது. அவர்கள் ஊரைவிட்டு ஓடவும் முடியாது. கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒருவர் வந்து குதிக்கவும் முடியாது. 1929இல் ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கக் குருவானவர் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே வாசகருக்கு அறிமுகமாகியிருக்க வேண்டும் என்பதே அவற்றில் முதலாவது. பேய் பிசாசு வந்து முடிச்சை அவிழ்க்கக்கூடாது. துப்பறிபவர் கண்ட தடயம் எதையும் வாசகரிடம் மறைக்கக்கூடாது. அடுத்த ஆண்டில் லண்டனில் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப் என்ற எழுத்தாளர் சங்கம், உறுப்பினராகச் சேர்கிறவரிடம் இந்த நேர்மைக்குச் சத்தியமே வாங்கியது. கொலைக் கதை எழுதுகிறவர்கள் இவ்வளவு ஒழுக்கம் பேசியது வேடிக்கைதான். ஆனால் அந்த ஒழுக்கத்தால்தான் வாசகரும் கூடவே உட்கார்ந்து விளையாடக்கூடிய ஆட்டமாக இந்தக் கதை மாறியது.

சந்தேகப்படத் தக்கவர்களை ஓரிடத்தில் அடைத்துவைக்க எழுத்தாளர்கள் பனியில் சிக்கிய ரயிலையும் நடுக்கடல் கப்பலையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்வது கடற்கரை. ஒரு பக்கம் முழுவதும் தண்ணீர் என்றால், ஊரின் பாதிக் கதவு ஏற்கெனவே சாத்தியாயிற்று. விடுமுறைக்கு ஆட்கள் வந்துபோகும் கடற்கரை என்றால் இன்னும் வசதி. அங்கே இரண்டு சாதி மனிதர்கள் இருப்பார்கள்: பரம்பரையாக இருப்பவர்கள், பருவத்துக்கு வந்தவர்கள். முதல் கூட்டத்தாரின் மூன்று தலைமுறைச் சங்கதி ஊருக்குத் தெரியும். இரண்டாம் கூட்டத்தாரைப் பற்றி அவர்களே சொல்லிக்கொண்டதைத் தவிர எதுவும் தெரியாது. கதை இந்த இடைவெளிக்குள் நுழைந்துகொள்கிறது.

ஆங்கிலத் துப்பறியும் நாவலின் பிறப்பிலேயே கடற்கரை இருக்கிறது. வில்கி கொலின்ஸ் 1868இல் எழுதிய ‘மூன்ஸ்டோன்’ அந்த வகையின் ஆரம்ப நாவல்களில் தலையாயது. களவுபோகும் வைரம் நம் பக்கத்துப் பொருள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபோது ஓர் ஆங்கில அதிகாரி கொள்ளையடித்துப்போனதாக நாவல் சொல்கிறது. அது மறுபடி காணாமல் போவது இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் கரையோர வீடொன்றில். வீட்டுக்கு அருகே புதைமணல். கடல் வற்றும்போதும் ஏறும்போதும் நடுங்கும் அந்த மணலுக்குள்தான் முக்கியமான தடயமொன்று தகரப் பெட்டிக்குள் அடைந்து கிடக்கிறது. கடலுக்குள் போட்டதைக் கடல் வைத்துக்கொள்ளாது என்ற இந்தக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்தார்கள்.

அதிகம் போட்டவர் அகதா கிறிஸ்டி. 1890இல் அவர் பிறந்த டோர்க்கி, இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள விடுமுறைக் கடற்கரை நகரம். முதல் உலகப் போரின்போது அதே நகரத்து ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலைபார்த்து மருந்தையும் நஞ்சையும் கற்றார். 1920இல் வெளியான முதல் நாவலில் அவர் கையாண்ட நஞ்சு ஸ்ட்ரிக்னின். அது எட்டிக்கொட்டையிலிருந்து வருவது. எட்டிமரம் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தானாக வளர்வது. டோர்க்கியிலிருந்து அதிக தூரமில்லாத பர் தீவு, கடல் வற்றினால் மணலில் நடந்துபோகக்கூடியதாகவும் ஏறினால் முழுத் தீவாகவும் மாறும் இடம். அங்கிருந்த சொகுசு ஹோட்டலை மனதில் வைத்து கிறிஸ்டி இரண்டு நாவல்கள் எழுதினார். 1939இல் வந்தது தீவில் சிக்கிய பத்துப் பேர் ஒவ்வொருவராகச் சாகும் கதை. 1941இல் வந்த ‘ஈவில் அண்டர் த சன்’ அதைவிட மென்மையானது. விடுமுறைக்கு வந்த அவருடைய துப்பறிவாளர் எர்க்யூல் போய்ரோ, வெயில் காய்ந்து கிடக்கும் உடம்புகளைப் பார்த்து, முகம் தெரியாவிட்டால் எல்லாம் ஒன்றுபோல்தான் என்று சலித்துக்கொள்கிறார். அந்தச் சலிப்புக்குள் விடையின் பாதி இருக்கிறது.

கிறிஸ்டியின் மற்றத் துப்பறிவாளரான மிஸ் மார்ப்பிள் இன்னும் நமக்கு நெருக்கமானவர். 1927இல் ஒரு சிறுகதையில் தோன்றிய இந்தக் கிழவி, பூதக்கண்ணாடியோ துப்பாக்கியோ வைத்திருப்பதில்லை. கம்பளி பின்னிக்கொண்டே கேட்பார். கொலை எந்த ஊரில் நடந்தாலும், ‘இந்த ஆள் நம்ம ஊர் இன்னாரைப் போல’ என்று தன் கிராமத்து மனிதரோடு ஒப்பிட்டு உண்மையைப் பிடித்துவிடுவார். எந்தத் தமிழூரிலும் திண்ணைக்கு ஒருவர் வீதம் இப்படி உண்டு. அவர்கள் அறிவை எவரும் நாவலாக்கவில்லை என்பதுதான் குறை.

அமெரிக்கர்கள் இதே சூத்திரத்தை அட்லாண்டிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். 1931இல் ஃபீபி அட்வுட் டெய்லர் எழுதிய ‘கேப் கோட் மிஸ்டரி’யில் கோடை விடுமுறைக்கு வாடகை வீடு எடுத்தவர்கள் நடுவே கொலை நடக்க, மீன்பிடி ஊர்க்காரரான ஏஸி மேயோ விடை காண்கிறார். 1984 முதல் 1996 வரை ஓடிய ‘மர்டர், ஷீ ரோட்’ தொலைக்காட்சித் தொடரில் கேபட் கோவ் என்ற கற்பனைக் கடற்கரை ஊர் வந்தது. அந்தச் சின்ன ஊரில் அடிக்கடி கொலை விழுந்தும் எவரும் வீட்டை விற்றுப் போகவில்லை. 2011இல் தொடங்கிய பிபிசியின் ‘டெத் இன் பரடைஸ்’ இதைக் கரீபியன் தீவொன்றுக்கு மாற்றியது. படப்பிடிப்பு குவாடலூப் தீவில். பார்ப்பவர்களுக்குக் கொலையோடு கடற்கரையும் இலவசம்.

தமிழுக்குத் துப்பறியும் கதை வந்தது கிறிஸ்டிக்கு முன்பே. பண்டித ச.ம. நடேச சாஸ்திரி 1894இல் வெளியிட்ட ‘தானவன்’ முதல் தமிழ்த் துப்பறியும் படைப்பாகக் கருதப்படுகிறது; நாட்டார் கதைகளைத் தொகுத்தவரும் அவரே. ஆரணி குப்புசாமி முதலியார் ஷெர்லொக் ஹோம்ஸுக்கு ஆனந்த சிங் என்று பெயரிட்டுத் தமிழுக்குக் கூட்டிவந்தார். ஜே.ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனைப் படைத்தார். வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் துறவி வேடத்திலேயே துப்பறிந்தார். 1950இல் மொடர்ன் தியேட்டர்ஸ் அவரைப் படமாக்கியபோது எம்.என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டு நடித்தார். இந்தக் கதைகள் நடந்த இடங்கள் பெரும்பாலும் ஜமீன் மாளிகை, வக்கீல் வீடு, ரயில் நிலையம், சென்னைத் தெரு. வாசகர்கள் நகரத்திலும் ரயில் ஓடும் ஊர்களிலும் இருந்தார்கள். கதையும் தண்டவாளத்தை ஒட்டியே போயிற்று. பின்னால் வந்த தமிழ்வாணனின் சங்கர்லால் விமானமேறி உலகம் சுற்றினார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் நீதிமன்ற வாசலிலிருந்து புறப்பட்டார்கள். ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் ஆகியோரின் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கின. கடற்கரை இவற்றில் வரும்; பெரும்பாலும் காதலர் சந்திக்கும் மாலை நேரத்துக்கு.

கோஸியின் மனநிலைக்கு மிக அருகில் நிற்பவர் தேவன். ஆனந்த விகடனில் அவர் எழுதிய துப்பறியும் சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா. மூளை கொஞ்சம் மந்தம், மூக்கு கொஞ்சம் நீளம். தப்பான கதவைத் திறப்பார், சரியான ஆள் உள்ளே இருப்பார். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மேதைமை என்று நம்புவார். கொலையைவிடக் களவும் ஆள்மாறாட்டமும் அதிகமான அந்தக் கதைகளில் குடும்பம் இருக்கிறது, அக்கம்பக்கம் இருக்கிறது, அடுக்களைப் பேச்சு இருக்கிறது. ஆனால் மிஸ் மார்ப்பிளுக்கு வாய்த்த நிலையான ஓர் ஊர் சாம்புவுக்கு வாய்க்கவில்லை.

சினிமா அந்த மூடிய தீவை ஓரளவு பிடித்தது. கிறிஸ்டியின் பத்துப் பேர் கதை 1965இல் இந்தியில் ‘கும்நாம்’ ஆயிற்று. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ 1954இல் பாட்டே இல்லாமல் வந்தது. ஜப்பானியக் குண்டு விழுந்த சென்னையில் ஒரு கொலை; வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் ஒவ்வொருவராகச் சந்தேகிக்கப்படுகிறார்கள். தமிழில் கடற்கரை ஊரே குற்றத்தின் களமானதற்கு அண்மைய உதாரணம், புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய ‘சுழல்’ தொடரின் 2025ஆம் ஆண்டு இரண்டாம் பருவம். காளிப்பட்டினம் என்ற கற்பனைக் கடலோர ஊரில் திருவிழா நேரம். மூத்த வழக்கறிஞர் ஒருவர் கடற்கரை வீட்டில் கொலையுண்டு கிடக்கிறார். களம் கோஸிக்கு உரியது; கனம் அப்படியல்ல. போர்வை போர்த்திக்கொண்டு பார்க்க முடியாத கதை அது.

புனைகதை போகாத கடற்கரைக்கு உண்மை போயிருக்கிறது. 1952 ஆகஸ்ட் 28இல் சென்னையில் ஆளவந்தார் என்ற வியாபாரி காணாமல் போனார். முன்னாள் இராணுவத்தினர், சைனா பஜாரில் ஜெம் அண்ட் கம்பெனி என்ற பேனாக் கடையின் முகப்பில் பிளாஸ்டிக் சாமான் விற்றவர். மறுநாள், எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாறத் தொடங்கியது. மானாமதுரையில் இறக்கித் திறந்தபோது உள்ளே தலையில்லாத உடல்.

போட் மெயிலின் வழி இலங்கையின் மன்னாரோடு சம்பந்தப்பட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததோடு இந்த வழியில் ஓடத் தொடங்கிய சேவை அது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். தலைமன்னாரிலிருந்து மன்னார்த் தீவின் நடுவே ஓடி மதவாச்சி வழியாகக் கொழும்புக்கு மறுபடி ரயில். கள்ளிக்கோட்டைக்கோ பெங்களூருக்கோ அல்லாமல் இந்த ரயிலில் பெட்டி ஏற்றப்பட்டதற்கு, தண்டவாளம் கடலில் போய் முடிகிறது என்பதைவிட நல்ல காரணம் ஒரு கதாசிரியருக்குத் தோன்றாது. பெட்டி கடல்வரை போகவில்லை. மூன்றாம் வகுப்புப் பயணிகளின் மூக்கு அதை மானாமதுரையிலேயே நிறுத்திவிட்டது.

தலை சென்னையில் கிடைத்தது. ராயபுரம் கடற்கரையில் ஒளித்ததை அந்தக் கடற்கரையே காட்டிக்கொடுத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சி.பி. கோபாலகிருஷ்ணன் தலையையும் உடலையும் பொருத்தி ஆராய்ந்து, இரண்டும் ஒருவருடையவை என்றார். இராணுவத்தில் பதிந்திருந்த கைரேகை ஆளைச் சொல்லிற்று. இந்திய தடயவியல் மருத்துவத்தின் தொடக்ககால வெற்றிகளில் ஒன்றாக இது இன்றும் பேசப்படுகிறது. ஆயினும் வழக்கின் முதல் நூல் இழை ஆய்வுகூடத்தில் அகப்படவில்லை. ஆளவந்தார் வீடு திரும்பாததும் மனைவி கடைக்கு வந்து விசாரித்தார். கடைக்காரர்கள் அவர் போகக்கூடிய வீட்டைத் தேடிப் போனார்கள். ராயபுரத்தில் அந்த வீட்டில் இருந்த தம்பதி அதற்குள் பம்பாய்க்குக் கிளம்பிவிட்டார்கள். பிறகு அங்கே பிடிபட்டார்கள். 1953இல் நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர் முன் நடந்த ஜூரி விசாரணையைக் கேட்க நீதிமன்றத்தில் இடம் பிடிக்கக் கூட்டம் நெரிந்தது. அந்த நீதிபதியே ஆங்கிலத்தில் நாவலும் நாடகமும் எழுதியவர். அந்தத் தம்பதியில் கணவருக்கு ஏழாண்டுக் கடூழியமும் மனைவிக்கு மூன்றாண்டும் தண்டனையாயின. கொல்லப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவந்த தொல்லை, தண்டனையின் கடுமையைக் குறைத்தது. குற்றவாளிமேல் இரக்கம் வருமளவுக்குக் கொல்லப்பட்டவர் வெறுக்கத்தக்கவராக இருப்பது கோஸி நாவல்களில் வழக்கமான ஏற்பாடு. இங்கே அது ஏற்பாடில்லாமலே நடந்தது.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் சில காலம் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிப் பிறகு நின்றது. இலங்கை உள்நாட்டுப் போர் மன்னார்த் தீவின் தண்டவாளத்தையும் பெயர்த்தது. 2015இல்தான் மறுபடி தலைமன்னாருக்கு ரயில் வந்தது. அந்தத் தீவின் வடகரையில், மன்னார் நகரத்துக்கும் பேசாலைக்கும் இடையே உள்ள ஊர் எருக்கலம்பிட்டி. எருக்கலைச் செடியும் பிட்டி என்ற மேட்டு நிலமும் சேர்ந்த பெயர். முஸ்லிம் ஊர், பள்ளிவாசல், மத்திய கல்லூரி, வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த வீடுகள், பனை, கழுதை, கடல். கடலோரக் கொலைக் கதையின் இலக்கணத்தை எடுத்து இங்கே பொருத்திப் பார்த்தால், சில விதிகள் அப்படியே பொருந்தும், சில தலைகீழாகும்.

பொருந்துவது முதலில் நிலம். ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தீவுக்குத் தரைவழி ஒன்றே: ஆழமற்ற நீருக்கு மேலே கிடக்கும் தாம்போதியும் பாலமும், பக்கத்திலே ரயில்பாதையும். 1990இல் தகர்க்கப்பட்ட பழைய பாலத்துக்குப் பதிலாக 2010இல் புதியது திறக்கப்பட்டது. பாலத்தில் இரவு யார் போனார் என்று பார்த்துவிட்டால் சந்தேகப் பட்டியல் சுருங்கிவிடும். கடல்வழியை மட்டும் கணக்கில் விடக்கூடாது. இராமேஸ்வரம் கூப்பிடு தூரம். கள்ளத் தோணி என்ற சொல்லே இந்த நீரிணையில் விளைந்தது.

பருவத்துக்கு வருகிறவர்களும் உண்டு. கடற்கரை ஹோட்டல் கலாசாரம் இங்கே சிறிது. காற்றாடிப் பலகையில் கடலில் சறுக்க வருகிறவர்கள், வங்காலைப் பக்கம் பூநாரை பார்க்க வருகிறவர்கள், ஆதாம் பாலத்து மணல்திட்டைக் காண வருகிறவர்கள், அவ்வளவுதான். ஆனால் வாடி என்ற பழைய ஏற்பாடு இருக்கிறது. மீன் படும் மாதங்களுக்கு வெளியூர் மீனவர் கிடுகுக் குடில் போட்டுத் தங்கிப் பருவம் முடிந்ததும் கலைந்துபோவது அது. இதன் பிரமாண்டமான வடிவம் தெற்கே பெருநிலக் கரையில், அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கம் நடந்த முத்துக்குளிப்பு. சில வாரங்களுக்கு வெறும் மணலில் ஒரு நகரமே எழும். கீழக்கரையிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குளியாட்கள், செட்டிமார், தரகர், சாப்பாட்டுக் கடை, நீதிமன்றம், சிறைக்கூடம் எல்லாம் வந்து இறங்கும். 1906 முத்துக்குளிப்பில் கடமை பார்த்த இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வுல்ஃப். பிற்காலத்தில் வெர்ஜினியா வுல்ஃபின் கணவர். கையடக்கமான செல்வம், ஒருவரையொருவர் அறியாத பல்லாயிரம் பேர், சிப்பி அழுகிக் கிடக்கும் கொட்டுகள். பிண வாடையைத் தனியாகப் பிரித்தறிய முடியாத ஓரிடத்தைத் துப்பறியும் எழுத்தாளர்கள் பெரிதாகத் தொடாமல் விட்டது வியப்புத்தான். ஐரோப்பியர் இந்தக் கரையை இசை நாடகமாக்கினார்கள். பிஸேயின் ‘முத்துக்குளிப்போர்’ 1863இல் பாரிஸில் அரங்கேறியது.

நஞ்சுக்கும் குறையில்லை. எருக்கலம் பாலில் இதயத் துடிப்பைக் குலைக்கும் பொருட்கள் உண்டு. கிறிஸ்டி நாவல்களில் வரும் டிஜிட்டாலிஸும் அதே வகை நஞ்சு. வடக்கிலங்கை வைத்தியசாலைகளுக்குப் பெரும் தலையிடியான மஞ்சள் அலரி விதையும் அப்படித்தான். ஆங்கிலக் கதைகளில் மருந்துக்கடைக் கையேட்டைப் புரட்டித்தான் நஞ்சைக் கண்டுபிடிக்கிறார்கள். இங்கே அது வேலியோரத்தில் பூத்து நிற்கிறது, ஊருக்குப் பெயராகவும் நிற்கிறது.

தலைகீழாவது கடல். பர் தீவுப் பக்கத்தில் கடல் நான்கைந்து மீட்டர் ஏறி இறங்கும். அதனால்தான் ஆங்கிலக் கதையில், ‘அந்த நேரம் மணல்வழி மூடிக் கிடந்தது’ என்ற ஒரு வாக்கியம் ஒருவரைக் காப்பாற்றவோ மாட்டிவிடவோ போதும். மன்னாரில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அந்தக் கடிகாரம் இங்கே ஓடாது. இங்கே நேரம் சொல்வது காற்று. சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கரை கொந்தளிக்கும், வடகரை குளம்போல் கிடக்கும். வாடை பிறந்தால் இரண்டும் இடம்மாறும். சோழகக் காலத்தில் வடகரைக் கடலில் நழுவவிட்ட ஒன்று எருக்கலம்பிட்டிக் கரைக்குத் திரும்பாமல் பாக்கு நீரிணைப் பக்கம் விலகும். வாடையில் காலடிக்கே வந்து ஒதுங்கும். இந்தக் கணக்கை ஆய்வுகூடத்தைவிட வலை இழுக்கிறவர் விரைவாகப் போடுவார். துப்பறிபவர் இந்த ஊரில் யாராக இருக்க வேண்டும் என்பதும் இதில் தெரிகிறது.

மற்ற வேறுபாடு சட்டமும் சம்பிரதாயமும் சந்திக்கும் இடம். முஸ்லிம் ஊரில் இறந்தவரின் மையித்தை அன்றே, பிந்தினால் மறுநாள், குளிப்பாட்டி, கபனிட்டு, அடக்கிவிட வேண்டும். ஆனால் இலங்கையின் 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், இயற்கையல்லாத மரணம் நேர்ந்தால் மரண விசாரணை நடத்தச் சொல்கிறது. திடீர் மரண விசாரணை அதிகாரி வர வேண்டும். தேவையென்றால் நீதவானின் கட்டளை, சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை. ஊரார் வைத்தியசாலை வாசலில் மணிக்கணக்காக நிற்பார்கள். ஆங்கிலக் கதையில் பிணம் வாரக்கணக்கில் காத்திருக்கும், துப்பறிபவர் சாவகாசமாகச் சுற்றுவார். இங்கே பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னர் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். உடலைக் கடைசியாகத் தொட்டவர்கள் குளிப்பாட்டியவர்கள். பெண் மையித்தைப் பெண்களே குளிப்பாட்டுவார்கள். எந்தக் காயத்தை யார் கண்டார்கள், கண்டும் யார் சொல்லவில்லை என்பது ராத்தாமாருக்கும் மாமிமாருக்கும் மட்டும் தெரிந்த செய்தியாக இருக்கும். ‘ஊர்வாயை மூட உலைமூடி இல்லை’ என்பது பழமொழி. மிஸ் மார்ப்பிளின் முழுத் தொழில்நுட்பமும் அதற்குள் அடங்கும்.

கோஸிக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. எழுத்தாளர்கள் அதை எழுதிவைப்பதில்லை. ஊரில் கொலை என்பது நடக்காத ஒன்றாக இருந்திருக்க வேண்டும். கால் நூற்றாண்டுக்கு மேல் போர் கண்ட கரைக்கு இந்த நிபந்தனை கடினமானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியும் ஒரேயடியாகக் காலியாயிற்று. மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் போய் இறங்கினார்கள். மன்னார் நகர வாசலில் 2018இல் கட்டடத்துக்குத் தோண்டிய குழியிலிருந்து மனித எலும்புகள் வந்தபோது, அவை யாருடையவை, எக்காலத்தவை என்ற கேள்வி அமெரிக்க ஆய்வுகூடம் வரை போனது. பல நூற்றாண்டுப் பழையவை என்று காபன் ஆய்வு சொல்லியும் எல்லோரும் ஏற்கவில்லை. தனித்தனி உயிருக்கு ஒரு துப்பறிவாளர் என்ற கணக்கு அப்படிப்பட்ட குழிக்குப் போதாது. இலங்கையைப் பற்றிய பெயர்பெற்ற மர்மக் கதைகள் கோஸியாக இல்லாததற்கும் இதுவே காரணம். மைக்கேல் ஒண்டாச்சியின் ‘அனில்ஸ் கோஸ்ட்’ ஓர் எலும்புக்கூட்டுக்குப் பெயர் தேடுகிறது. 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவலில் கொலையுண்டவரே தன் கொலைகாரரைத் தேடுகிறார்.

ஆயினும் வெளியேற்றமே இந்த ஊருக்கு எந்த ஆங்கிலக் கடற்கரைக்கும் இல்லாத ஓர் அமைப்பையும் கொடுத்திருக்கிறது. புத்தளத்து நாகவில்லுவில் எருக்கலம்பிட்டியார் குடியேறிய பகுதி ஊரின் பெயரையே சுமக்கிறது. பாடசாலைக்கும் அந்தப் பெயர்தான். போர் முடிந்த 2009க்குப் பிறகு பலர் திரும்பினார்கள், பலர் அங்கேயே நின்றார்கள், பலருக்கு இரண்டிடத்திலும் வீடு. ஒரு கலியாணம், ஒரு மௌத்து, ஒரு காணித் தகராறு என்றால் இரண்டு எருக்கலம்பிட்டிகளுக்கும் இடையே ஆட்கள் ஓடுவார்கள். ‘அன்று இரவு வாப்பா எருக்கலம்பிட்டியில்தான் இருந்தார்’ என்று மகன் சத்தியமாகச் சொல்லலாம். எந்த எருக்கலம்பிட்டி என்பதுதான் வழக்கு. இரண்டுக்கும் நடுவே வழிகளும் இரண்டு. ஒன்று அனுராதபுரம், மதவாச்சி என்று சுற்றிவரும் பெருந்தெரு. மற்றது வில்பத்துக் காட்டை ஊடறுத்து மரிச்சுக்கட்டியில் ஏறும் பழைய பாதை. அது குறுக்குவழிதான், ஆனால் மழையில் கலா ஓயா பெருகினால் எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். அன்றைய இரவு மழை பெய்ததா என்று கேட்க வேண்டியிருக்கும்.